நெற்றியில் ஏறிய மின்கலம்

கித்தா (ரப்பர்) மரத்தின் பட்டையில் பால் குழாய்கள் நெருக்கமாக இருப்பது உள்ளடுக்கில்தான், மரத்தின் உயிர்ப்படலமான கேம்பியத்தை ஒட்டி. உளி கேம்பியத்தைத் தொட்டுவிட்டால் அந்த இடம் முண்டும் முடிச்சுமாக ஆறும். சில ஆண்டுகள் கழித்து, புதிதாக வளர்ந்த பட்டையில் மறுபடி வெட்ட வரும்போது உளி ஒழுங்காக ஓடாது. பயந்து விலகி வெட்டினால் பால் குறையும். கை தேர்ந்தவர் கேம்பியத்துக்கு மேலே ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் பட்டையை விட்டுவைத்து, மெல்லிய சீவலாக எடுத்துக்கொண்டு அடுத்த மரத்துக்கு நகர்வார். ஒருவருக்கு ஒரு நாள் நிரை ஐந்நூறு மரத்தை ஒட்டி வரும். இவ்வளவு நுணுக்கமான வேலையின் பெரும்பகுதி சூரியன் வருவதற்கு முன்பே நடந்துவிடுகிறது.

இருட்டில் வெட்டுவதற்குக் காரணம் மரத்தின் உடலியல். பால் குழாய்களுக்குள் இருக்கும் அழுத்தம் விடியலுக்கு முன்தான் உச்சத்தில் நிற்கும். வெயில் ஏறி இலைகள் நீரை ஆவியாக்கத் தொடங்கியதும் அது இறங்கும். மங்கில் (பால் ஏந்தும் கிண்ணத்தில்) விழும் பாலும் குறையும். ஜொகூர் மாநிலத்து லாபிஸ் வட்டாரத்தில் சூரிய உதயம் கடிகாரப்படி காலை 6.45-க்கும் 7.20-க்கும் இடையில். 1982 ஜனவரி 1 முதல் தீபகற்ப மலேசியாவின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளி வைக்கப்பட்டது. பெரட்டு (காலையில் ஆள் கணக்கெடுக்கும்) நேரத்தைக் கடிகாரப்படியே வைத்திருந்த தோட்டங்களில், விளக்கு எரிய வேண்டிய நேரமும் அதோடு அரை மணி கூடியிருக்கும்.

லாபிஸைச் சுற்றி இன்று கித்தாவை விடச் செம்பனைதான் கண்ணில் அதிகம் படும். லயங்களில் இருந்த தமிழ்க் குடும்பங்களில் பல, பட்டணம் போய்விட்டன. ஆனாலும் சிறுதோட்டக்காரர்களும் வெளிநாட்டுத் தொழிலாளர்களும் அதே இருட்டில்தான் இன்னமும் மரத்தைத் தேடிப் போகிறார்கள். ஆகவே ஒரு டார்ச்சுக்கு எந்த பேட்டரி நல்லது என்ற கேள்வியை இங்கிருந்தே தொடங்குகிறேன். மலை ஏறுபவருக்கும் மீன் பிடிப்பவருக்கும் வெளிச்சம் சில இரவுகளுக்கான தேவை. பால் வெட்டுபவருக்கு அது உளியைப் போல ஒரு கருவி, தினமும் வேண்டும்.

அந்தக் கருவி மூன்று தலைமுறைகளில் மூன்று வடிவம் எடுத்தது. முதலில் கார்பைட் விளக்கு. கால்சியம் கார்பைட் கட்டியின் மேல் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலீன் வாயு கிளம்பும். நெற்றியில் கட்டிய சிறு குழல் முனையில் அதைக் கொளுத்துவார்கள். வெளிச்சம் நன்றாகவே இருக்கும். ஆனால் முகத்துக்கு மேலே திறந்த தீ, மூக்கில் பூண்டு போன்ற வாடை, மழை வந்தால் அணைந்துவிடும் தொல்லை. அடுத்து வந்தது ஈய-அமில பேட்டரி. இடுப்பில் பெட்டி, அங்கிருந்து முதுகு வழியாக நெற்றி பல்புக்கு ஒரு வயர். கால் கிலோவுக்கு மேல் எடையைச் சுமந்துகொண்டு மரத்துக்கு மரம் குனிந்து நிமிர வேண்டும். மூன்றாவது, விரல் நீளமுள்ள லித்தியம் அயனி மின்கலம். ஐம்பது கிராமுக்குள் அடங்கும். பெட்டியும் வயரும் ஒழிந்து எல்லாமே தலைப்பட்டைக்கு ஏறிவிட்டன. எடையைப் பொறுத்தவரை இதைவிடப் பெரிய விடுதலை அந்த வேலையில் வந்ததில்லை. கூடவே ஒரு பொறுப்பும் வந்தது: தவறாகக் கையாண்டால் தீப்பிடிக்கக்கூடிய ஒரு பொருள் இப்போது மண்டையோடு ஒட்டி உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் எதை வாங்குகிறோம் என்பதைத் தெரிந்து வாங்க வேண்டும் என்கிறேன்.

டார்ச்சுகளில் அதிகம் காணும் மின்கலத்தின் பெயர் 18650. முதல் இரண்டு எண்கள் விட்டம், 18 மில்லிமீட்டர். அடுத்த இரண்டு நீளம், 65. கடைசிப் பூஜ்யம் உருளை வடிவத்தைக் குறிக்கும். அதன் அண்ணன் 21700: 21 மில்லிமீட்டர் விட்டம், 70 நீளம். உலோக உறையைப் பிரித்துப் பார்த்தால் (வீட்டில் யாரும் செய்து பார்க்க வேண்டாம்) உள்ளே கோரைப் பாயைச் சுருட்டி வைத்ததுபோல ஒரு நீண்ட சுருள் இருக்கும். ஒரு செப்புத் தகடு, அதன் இரு பக்கமும் கருநிறக் கிராஃபைட் பூச்சு. ஓர் அலுமினியத் தகடு, அதன் மேல் லித்தியம் கலந்த உலோக ஆக்சைடுப் பூச்சு. இரண்டும் ஒன்றையொன்று தொட்டுவிடாதபடி நடுவில் பிளாஸ்டிக் சவ்வு. அந்தச் சவ்வு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. எல்லாவற்றையும் நனைத்தபடி, எளிதில் பற்றக்கூடிய ஒரு கரிமத் திரவம். சார்ஜ் செய்யும்போது லித்தியம் அயனிகள் ஆக்சைடிலிருந்து கிளம்பிச் சவ்வைக் கடந்து கிராஃபைட்டுக்குள் போய் அமர்கின்றன. டார்ச் எரியும்போது திரும்பி வருகின்றன.

இந்த ஏற்பாட்டின் மின்னழுத்தம் சராசரியாக 3.6 வோல்ட். நிறைந்தால் 4.2, காலியாகும்போது 3-க்கும் கீழே. வெள்ளை எல்.இ.டி. ஒளிர ஏறத்தாழ 3 வோல்ட் போதும். ஆக, ஒரே ஒரு மின்கலம் ஒரு எல்.இ.டி.க்குச் சரியாகப் பொருந்துகிறது. பழைய டார்ச்சில் ஒன்றரை வோல்ட் பேட்டரிகளை இரண்டு மூன்றாக அடுக்கிப் போட்ட பழக்கம் இதனால் தேவையற்றதானது. அப்படித் தேவையற்றதானது பாதுகாப்புக்கும் நல்லதே. லித்தியம் அயனியில் இரண்டைத் தொடராக அடுக்கினால், இரண்டில் நலிந்தது முதலில் காலியாகும். வலுவானது அதன் வழியே மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். நலிந்தது அங்கேதான் கெடும், சில சமயம் அங்கேதான் வெடிக்கும். ஒற்றை மின்கல டார்ச்சை வாங்குங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான்.

1991-இல் சோனி நிறுவனம் முதன்முதலாக விற்பனைக்குக் கொண்டுவந்த இந்தத் தொழில்நுட்பம், இப்போது லாபிஸுக்கு அதிகத் தொலைவில் இல்லை. சாம்சங் எஸ்.டி.ஐ. நிறுவனத்தின் செரம்பான் ஆலை உருளை மின்கலங்களைச் செய்கிறது. செரம்பானிலிருந்து கெமாஸ், சிகாமட் வழியாக வரும் அதே ரயில் பாதையில்தான் லாபிஸ் நிலையமும் இருக்கிறது. உலகத் தரமான சரக்கு அக்கம்பக்கத்திலேயே உருவாகிறது. ஆனால் பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையிலும் இணையக் கடைகளிலும் கையில் கிடைப்பது பெரும்பாலும் வேறு சரக்கு.

வேறு சரக்கு என்று எப்படித் தெரிந்துகொள்வது? உறையில் அச்சிட்ட எண்ணைப் பாருங்கள். 18650 அளவில் ‘9,900 எம்.ஏ.எச்.’ (மில்லி ஆம்பியர்-மணி) என்று போட்டிருந்தால் அது பொய். சந்தேகத்துக்கே இடமில்லை, கணக்குப் போட்டே காட்டலாம். அந்த உருளையின் கன அளவு 16.5 கன சென்டிமீட்டர். இன்று பெரிய நிறுவனங்கள் அதற்குள் அடைக்கும் உச்சக் கொள்ளளவு 3,500 எம்.ஏ.எச்.ஐ ஒட்டியது. 3.6 வோல்ட்டால் பெருக்கினால் 12.6 வாட்-மணி. 9,900 என்றால் 35 வாட்-மணிக்கு மேல் வரும், அதே இடத்தில் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆற்றல். அப்படி ஒரு வேதியியல் யாரிடமாவது இருந்தால் அது முதலில் மின்சாரக் காருக்குள் போயிருக்கும். சந்தைக் கூடையில் நாலைந்து வெள்ளிக்கு விற்காது. 21700 அளவில் 5,000 என்ற எண் நம்பத்தக்கது. அதற்கு மேல் கொஞ்சம் ஏறலாம். 8,000, 10,000 எல்லாம் கிடையாது.

மளிகைக் கடைத் தராசும் இங்கே உதவும். நல்ல 18650 நாற்பத்தைந்திலிருந்து ஐம்பது கிராம் வரை நிற்கும். போலி முப்பது கிராம் சொச்சத்திலேயே நின்றுவிடும், உள்ளே சுருள் சிறியது. எடை சரியாக இருந்தால் மட்டும் நம்பிவிடவும் கூடாது. பழைய மடிக்கணினி பேட்டரிகளைப் பிரித்து, களைத்துப்போன மின்கலங்களை எடுத்து, புது உறை மாட்டி விற்பவர்கள் இருக்கிறார்கள். அவற்றின் எடை சரியாகவே இருக்கும். கொள்ளளவை அளந்து காட்டும் சார்ஜர் ஒன்றை நாலைந்து பேர் சேர்ந்து வாங்கி வைத்துக்கொண்டால் இந்த ஏமாற்று முதல் வாரத்திலேயே வெளிப்பட்டுவிடும்.

இனி, உண்மையான மின்கலங்களுக்குள்ளேயே எதைத் தேர்வது என்ற கேள்வி. கொள்ளளவு அதிகமானதே சிறந்தது என்று நினைப்பது இயல்பு. ஆனால் அந்தச் சுருளுக்குள் இருக்கும் இடம் குறிப்பிட்ட அளவுதான். பூச்சைத் தடிமனாகப் பூசினால் ஆற்றல் நிறையச் சேரும். ஆனால் அயனிகள் அந்தத் தடிமனைக் கடந்து வரத் தாமதமாகும், உள்மின்தடை கூடும். பூச்சை மெல்லியதாக்கித் தகட்டை நீளமாகச் சுருட்டினால் மின்னோட்டம் தாராளமாகப் பாயும், கொள்ளளவு குறையும். ஒரே நிறுவனத்தின் இரண்டு 18650 மின்கலங்களை எடுத்துக்கொள்வோம். சாம்சங் 35இ: 3,500 எம்.ஏ.எச்., தொடர்ந்து எடுக்கத்தக்க மின்னோட்டம் 8 ஆம்பியர். சாம்சங் 25ஆர்: 2,500 எம்.ஏ.எச்., 20 ஆம்பியர். எதை வாங்குவது என்பது டார்ச் எவ்வளவு இழுக்கும் என்பதைப் பொறுத்தது.

பால் வெட்டுக்கு எவ்வளவு வேண்டும்? கைக்கெட்டும் தூரத்தில் பட்டையைப் பார்க்க 150 லூமன் தாராளம். அதற்கு மேல் போனால் வெள்ளைப் பால் கோட்டில் பட்டுத் திரும்பும் ஒளியே கண்ணைக் கூசச் செய்யும். பிறகு அடுத்த மரத்துக்குப் போகும் வழியில் வேரும் பாம்பும் தெரியாது. நல்ல எல்.இ.டி. ஒரு வாட்டுக்கு நூறு லூமன் தருவதாக வைத்துக்கொண்டால் ஒன்றரை வாட், அதாவது 0.4 ஆம்பியர் சொச்சம். இந்த அளவை எந்த நல்ல மின்கலமும் சிரமமில்லாமல் கொடுக்கும். எனவே இங்கே கொள்ளளவு பெரியதையே எடுக்கலாம். 3,500 எம்.ஏ.எச். மின்கலம், சுற்றில் வீணாவதைக் கழித்தாலும், ஏழு மணி நேரம் தாங்கும். ஐந்து மணிக்குத் தொடங்கி ஏழு மணிக்கு அணைக்கும் விளக்கு என்றால் மூன்று விடியலுக்கு ஒரு சார்ஜ். 21700 இன்னும் அதிக நேரம் தரும். ஆனால் எழுபது கிராம். குனிந்த தலையில் அந்த இருபது கிராம் தெரியும். நான் 18650-யே போதும் என்பேன்.

செம்பனைத் தோட்டத்து ஜாகாவின், அதாவது காவலாளியின், தேவை வேறு. தூரத்து வரிசையில் அசைவது காட்டுப்பன்றியா, குலை திருட வந்தவரா என்று அவருக்குத் தெரிய வேண்டும். வெள்ளத்தில் படகை ஓட்டுபவருக்கு அதைவிட அதிகம். நாலாயிரம் லூமன் டார்ச் நாற்பது வாட் கேட்கும். ஒற்றை மின்கலத்திலிருந்து பதினோரு ஆம்பியருக்கு மேல். 35இ-யை அங்கே போட்டால் வரம்பு மீறும், மின்னழுத்தம் சரியும், மின்கலம் சுடும். 10 ஆம்பியர் ஓடும்போது உள்மின்தடை 40 மில்லி ஓம் என்றால் மின்கலத்துக்குள்ளேயே 4 வாட் வெப்பமாகப் போகிறது. இத்தகைய டார்ச்சுக்கு 25ஆர் போன்றதோ, அதைவிடப் பொருத்தமாக அதிக மின்னோட்டம் தரும் 21700 வகையோதான் சரி. அப்போதும் அந்த முழு வெளிச்சம் ஓரிரு நிமிடத்துக்குத்தான். டார்ச்சின் உடல் சூடேறியதும் உள்ளிருக்கும் சுற்று தானாக ஒளியைக் குறைத்துவிடும். அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் லூமன் கணக்கு அந்த முதல் நிமிடத்தின் கணக்கு என்பதை வாங்குபவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

மின்கலத்தின் தலையும் அடியும் எப்படி இருக்கின்றன என்பதையும் பார்க்க வேண்டும். ஆலையிலிருந்து வரும் மின்கலம் தட்டைத் தலை கொண்டது, காப்புச் சுற்று இல்லாதது. அவற்றைச் செய்யும் நிறுவனங்களே, இவை கருவிகளுக்குள் பொருத்தப்படும் தொகுப்புகளுக்கானவை, தனித்தனியாகப் பொதுமக்கள் கையாளுவதற்கானவை அல்ல என்று எச்சரிக்கின்றன. டார்ச்சுக்கென்று விற்கப்படும் ‘காப்பிட்ட’ வகையில், அடியில் நாணயம் போன்ற சிறு மின்சுற்றுத் தகடு சேர்க்கப்பட்டிருக்கும். மின்னழுத்தம் அளவுக்கு மீறி ஏறினாலும், அடிமட்டத்துக்குக் கீழே இறங்கினாலும், குறுக்குச்சுற்று ஏற்பட்டாலும் அது இணைப்பைத் துண்டிக்கும். இதனால் நீளம் சில மில்லிமீட்டர் கூடி 68, 69 வரை போகும். சில டார்ச்சுகளுக்குள் அது நுழையாது. மூடியை வலிந்து திருகினால் தகடு நசுங்கும். கடையிலேயே போட்டுப் பார்த்து வாங்குவது நல்லது.

அடிமட்டத்துக்குக் கீழே இறங்கினால் என்ன? நம் ஊர் மலிவு டார்ச்சுகள் பலவற்றில் கவனிக்கப்படாத ஆபத்து இதுதான். மின்னழுத்தம் இரண்டரை வோல்ட்டுக்கும் வெகு கீழே போய்விட்டால், கிராஃபைட்டைத் தாங்கி நிற்கும் செப்புத் தகடு திரவத்தில் கரையத் தொடங்கும். மறுபடி சார்ஜ் செய்யும்போது அந்தச் செம்பு கண்ட இடத்தில் படிந்து முள் முளைத்ததுபோல நீளும். மெல்லிய சவ்வைக் குத்தினால் உள்ளுக்குள்ளேயே குறுக்குச்சுற்று. வெளிச்சம் மங்கி மங்கித் தானாகச் செத்துப்போகும் டார்ச்சில் துண்டிக்கும் சுற்று இல்லை என்று பொருள். அதில் காப்பிட்ட மின்கலத்தைத் தவிர வேறெதையும் போடக்கூடாது.

குறுக்குச்சுற்று ஏன் தீயாக மாறுகிறது என்பதற்கு விடை ஆக்சைடில் இருக்கிறது. அங்கே ஒரு தமிழரின் உழைப்பும் இருக்கிறது. டார்ச் மின்கலங்களில் பெரும்பான்மை நிக்கல், கோபால்ட் கலந்த ஆக்சைடு வகை. சூடு ஓரளவைத் தாண்டினால் இந்த ஆக்சைடு தன்னிடமுள்ள ஆக்சிஜனை விட்டுவிடும். பற்றக்கூடிய திரவம் பக்கத்திலேயே, ஆக்சிஜனும் உள்ளிருந்தே. வெளிக்காற்று இல்லாமலேயே எரியும். தென் தமிழ்நாட்டின் அமரபுரத்தில் பிறந்து, மதுரையில் படித்து, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் பெற்ற ஆறுமுகம் மந்திரம், 1980களின் நடுவில் பேட்டரி ஆய்வாளர் ஜான் குடினஃபோடு சேர்ந்தார். வெறும் ஆக்சைடுக்குப் பதிலாக மாலிப்டேட், சல்பேட் போன்ற தொகுதிகளை இரும்போடு சேர்த்துப் பார்த்தார்கள். இரும்பு ஆக்சைடில் இரண்டரை வோல்ட்டுக்கும் கீழே கிடைத்த மின்னழுத்தம் மாலிப்டேட்டில் 3.0 ஆனது, சல்பேட்டில் 3.6 ஆனது. மலிவான, எங்கும் கிடைக்கும் இரும்பைக் கொண்டே பேட்டரி செய்யலாம் என்ற பாதை அங்கே திறந்தது. குடினஃபின் குழு 1997-இல் அறிவித்த லித்தியம் இரும்பு ஃபாஸ்பேட் அந்தப் பாதையில் வந்தது. அதில் ஆக்சிஜன் ஃபாஸ்பரஸோடு இறுகப் பிணைந்திருப்பதால் சூட்டில் எளிதில் வெளியேறாது. 2019-இல் குடினஃபுக்கு வேதியியல் நோபல் கிடைத்தபோது அவருக்கு வயது 97. அவர் சார்பில் ஸ்டாக்ஹோமில் நோபல் உரை நிகழ்த்தியவர் மந்திரம்தான். அமரபுரத்தில் தொடங்கிய ஒரு வாழ்க்கை அந்த மேடைவரை போனதை நம் பள்ளிப் பாடநூல்கள் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும் என்று விரும்புகிறேன்.

அப்படியானால் தலையில் கட்டும் விளக்குக்கு ஃபாஸ்பேட் வகையே போடலாமே? போடலாம், அதற்கென்று செய்த விளக்காக இருந்தால். 18650 அளவில் அதன் கொள்ளளவு மற்றதில் ஏறக்குறைய பாதிதான். சராசரி மின்னழுத்தம் 3.2, நிறைவு 3.65. 4.2 வோல்ட் வரை ஏற்றும் சாதாரணச் சார்ஜரில் அதை மாட்டினால் கெட்டுவிடும். சூரிய ஒளி விளக்குகளில் இப்போது இது பரவலாக வருகிறது. பால் வெட்டும் விளக்குகளுக்கும் யாராவது ஒழுங்காகச் செய்து கொடுத்தால் நான் முதலில் பரிந்துரைப்பது அதையே.

வாங்கிய பிறகு மின்கலத்தின் ஆயுளைத் தின்பது வெப்பமும் நிறைந்த சார்ஜும் சேர்ந்த நிலை. மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில், நடுப்பகல் வெயிலில், முழுதாக ஏற்றிய மின்கலம் கிடந்தால் கொள்ளளவு வேகமாக வடியும். பால் வெட்டி முடித்து வீடு திரும்பியதும் சார்ஜில் போட்டு, சார்ஜரின் விளக்கு நிறம் மாறியதும் எடுத்துவிடலாம். மெத்தை மேலும் துணிக்குவியல் மேலும் வைக்காமல், சிமெண்டுத் தரையில், ஆள் விழித்திருக்கும்போது. உறை கிழிந்த மின்கலத்தைப் பயன்படுத்தக் கூடாது: உலோகக் குடுவை முழுவதும் எதிர்முனை, நேர்முனைக்கும் அதற்கும் இடையே தலைப்பகுதியில் ஒரு சிறு வளையம்தான் காவல். உதிரி மின்கலத்தைச் சில்லறைக் காசோடும் சாவியோடும் பையில் போட்டுக்கொள்வதும் இதே காரணத்தால் ஆபத்து.

இன்னொரு தேவையும் லாபிஸுக்கு உண்டு: வெள்ளக் காலத்து விளக்கு. 2011 ஜனவரி 30, தெனாங் சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தல். வாக்களிக்கும் நாளிலேயே இந்த வட்டாரத்தில் வெள்ளம் புகுந்து சாலைகள் துண்டிக்கப்பட்டன. 2006 டிசம்பரிலும் அடுத்த மாதத்திலும், பிறகு 2023 மார்ச்சிலும் லாபிஸ் அடங்கிய சிகாமட் மாவட்டம் மூழ்கியது. இப்படி ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படலாம், தேவைப்படாமலும் போகலாம் என்ற விளக்குக்குத் தினசரி விளக்கின் கணக்கு பொருந்தாது. லித்தியம் அயனி மின்கலத்தைப் பாதி சார்ஜில், டார்ச்சுக்கு வெளியே, வீட்டின் குளிர்ச்சியான மூலையில் வைத்திருந்தால் மாதக்கணக்கில் அதிகம் இறங்காது. டார்ச்சுக்குள்ளேயே விட்டால், மின்னணுச் சுவிட்ச் உள்ள வகைகளில் துளித்துளியாகக் கசிந்து காலியாகிவிடும். ஆகஸ்டில் ஒருமுறை பார்த்து, வடகிழக்குப் பருவக்காற்று தொடங்கும் நவம்பரில் முழுதாக ஏற்றி வைப்பது நல்ல ஏற்பாடு. கூடவே, சாதாரண ‘ஏஏ’ பேட்டரியில் எரியும் சிறு டார்ச் ஒன்றும் இருக்கட்டும். மின்சாரம் மூன்று நாள் இல்லாதபோது சார்ஜர் எதற்கும் உதவாது. மேட்டுப்பகுதி மளிகைக் கடையில் ஏஏ கிடைக்கும். வெள்ள நீரில் ஊறிய லித்தியம் அயனி மின்கலத்தை உலர்த்தி மறுபடி சார்ஜ் ஏற்ற முயல வேண்டாம். உள்ளே அரிப்பு தொடங்கியிருக்குமா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. அதை வீட்டுக்கு வெளியே, எரியக்கூடிய பொருள் எதுவும் அருகில் இல்லாத இடத்தில் தனியாக வைத்து, பின்னர் மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுக்க வேண்டும். குப்பை லாரியில் போட்டால் நசுங்கித் தீப்பிடிக்கும்.